ஓரவஞ்சனையும் நீதிமன்றப் படிகளும்

ஒரு ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், பங்கைச் சேர்ந்த தந்தை ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். வணிகவியலில் பட்டம் பெற்ற அப்பெண், ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதும் வேலைக்குத் தேர்வு பெற்றிருந்தாள். மகிழ வேண்டிய நேரம். ஆனால் தந்தையின் முகத்தில் மகிழ்ச்சியைக் காணோம்.

"கல்யாணம் ஆனதும் தானாகவே வேலையை விட்டுவிட வேண்டுமாம் ஐயா. அதற்குச் சம்மதமானால் நாளைக்கே வந்து சேரலாம் என்று வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள். சரி என்று சொல்லிவிடலாமா?"

மகள் தலை நிமிராமலே சொன்னாள்: "என்னோடு தேர்வான இரண்டு பையன்களிடம் இப்படிக் கேட்கவில்லை அப்பா."

அந்த ஒரு வாக்கியத்தில் வழக்கு முழுவதும் அடங்கிவிட்டது. ஒரே படிப்பு, ஒரே வேலை; ஆனால் நிபந்தனை மட்டும் ஆளுக்கொன்று. இதைத்தான் நம் முன்னோர் ஓரவஞ்சனை என்றனர். சட்ட நூல்கள் பாகுபாடு என்கின்றன. இத்தகைய ஓரவஞ்சனையை எதிர்த்து நீதிமன்றப் படியேறிய தொழிலாளர் சிலரின் வரலாற்றையும், அவர்கள் பெற்றதையும் பெறாததையும், அவற்றால் நமக்கு விளைந்துள்ள பயனையும் நேயர்களோடு சேர்ந்து சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மணம் முடித்தால் பணி இல்லை

அந்தப் பெண்ணிடம் வாய்மொழியாகக் கேட்கப்பட்ட நிபந்தனையை, ஒரு காலத்தில் இந்திய அரசே விதியாக எழுதி வைத்திருந்தது என்றால் வியப்பாயிருக்கும். குடகு நாட்டில் பிறந்து, மடிக்கேரியில் புனித சூசையப்பர் பெண்கள் பள்ளியிலும், பின்னர் சென்னையில் மகளிர் கிறித்தவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றவர் சி. பி. முத்தம்மா. 1949-ஆம் ஆண்டு இந்திய அயல்நாட்டுப் பணியில் சேர்ந்த முதல் பெண் இவரே. பணியில் சேரும்போதே, திருமணம் செய்துகொண்டால் பதவி விலகுவதாக அவர் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது.

1961-ஆம் ஆண்டு விதிகளிலும் இத்தகைய நிபந்தனைகள் இருந்தன. பெண் அதிகாரி மணம் செய்யுமுன் அரசின் எழுத்து மூலமான அனுமதியைப் பெற வேண்டும். மணமான பின் குடும்பப் பொறுப்புகள் பணிக்கு இடையூறாகும் என்று அரசு கருதினால் விலகச் சொல்லலாம். மணமான பெண்ணுக்கு அப்பணியில் நியமனம் கோரும் உரிமையே இல்லை. ஆண் அதிகாரிகளுக்கோ இத்தகைய விதி ஒன்றுமில்லை.

1970-இல் ஹங்கேரி நாட்டுக்குத் தூதராக அனுப்பப்படும் அளவுக்குத் திறமையை நிலைநாட்டிய பிறகும், உயர்நிலைப் பதவி உயர்வு தமக்கு மறுக்கப்பட்டபோது முத்தம்மா உச்ச நீதிமன்றத்தை அணுகினார். வழக்கு நிலுவையில் இருக்கும்போதே அரசு அவருக்குப் பதவி உயர்வை அளித்துவிட்டது. ஆகவே 1979 செப்டம்பரில் மனு தள்ளுபடியாயிற்று. ஆயினும் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அத்துடன் விட்டுவிடவில்லை. குடும்பப் பொறுப்பு பெண்ணின் பணிக்குத் தடையாகுமானால் ஆணின் பணிக்கும் அது தடையாகலாமே என்று கேட்டு, அவ்விதிகளில் பெண்ணைத் தாழ்த்தும் மனப்பான்மையே தென்படுகிறது என்று கடுமையாகக் கண்டித்தார். பணி விதிகள் யாவற்றையும் இக்கண்கொண்டு திருத்தியமைக்க வேண்டுமென்றும் வலியுறுத்தினார்.

தாளின்படி பார்த்தால் முத்தம்மாவின் மனு தள்ளுபடியானதே. ஆனால் அவ்வழக்குக்குப்பின் அப்பணியில் சேர்ந்த பெண்கள் அந்த உறுதிமொழியை எழுதிக் கொடுக்க வேண்டியதில்லாமற் போயிற்று. ஒரு வழக்கின் பயனை வழக்காடியவரின் பையில் மட்டும் தேடலாகாது என்பது இங்கு நாம் கற்கும் முதற் பாடம்.

பாதி திறந்த கதவு

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1981 ஆகஸ்டில், ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்களின் வழக்கில் தீர்ப்பு வந்தது. 35 வயது நிறைந்தாலோ, பணியில் சேர்ந்து நான்கு ஆண்டுகளுக்குள் மணம் செய்துகொண்டாலோ, முதல் முறை கருவுற்றாலோ, இவற்றுள் எது முந்துகிறதோ அன்றே அவர்கள் வேலை முடிந்துவிடும் என்பது நிறுவனத்தின் விதி. 35 வயதுக்குமேல் நீட்டிப்பு வேண்டுமானால் நிர்வாக இயக்குநரின் விருப்பத்தை எதிர்பார்த்திருக்க வேண்டும். அதே விமானத்தில் பயணிகளைக் கவனித்த ஆண் ஊழியர்களுக்கோ ஓய்வு வயது 58.

தாய்மை அடைந்ததற்காக ஒரு பெண்ணை வேலையிலிருந்து நீக்குவது இந்தியப் பெண்மைக்கே இழுக்கு என்ற கருத்தில் நீதிமன்றம் அவ்விதியை அடித்துவிட்டது. நிர்வாக இயக்குநரின் வரம்பற்ற அதிகாரத்தையும் நீக்கிற்று. ஆனால் நான்கு ஆண்டுகளுக்கு மணம் கூடாது என்ற விதி நியாயமானதே என்று ஏற்றுக்கொண்டது. ஆண் ஊழியரும் பெண் ஊழியரும் வெவ்வேறு பிரிவினர், ஆதலின் ஒப்பிட்டுப் பார்க்க இடமில்லை என்றும் கூறிற்று. கதவு பாதிதான் திறந்தது.

'வெவ்வேறு பிரிவினர்' என்ற இச்சொல்லை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். வேலையிடத்து ஓரவஞ்சனை பெரும்பாலும் இந்தப் போர்வையைப் போர்த்திக்கொண்டுதான் வருகிறது.

பெயர் மாறினால் கூலி மாறுமா?

நம் ஊர்க் கட்டட வேலையை எண்ணிப் பாருங்கள். கொத்தனாருக்கு உதவும் ஆணைப் 'பெரியாள்' என்கிறோம். பெண்ணைச் 'சித்தாள்' என்கிறோம். கல்லும் கலவையும் சுமந்து சாரம் ஏறுவது இருவருக்கும் பொது. மாலையில் கூலி வாங்கும்போது மட்டும் பெயருக்கேற்பத் தொகை பிரிகிறது. உழைப்பால் பிரியாததைப் பெயரால் பிரிப்பது இது.

பம்பாயிலிருந்த மக்கினன் மெக்கன்சி என்ற கப்பல் தொழில் நிறுவனத்திலும் நடந்தது இதுவேயாகும். அங்கே அதிகாரிகளின் அந்தரங்கப் பணிக்கு அமர்த்தப்பட்ட பெண் சுருக்கெழுத்தாளர்களுக்குத் தனிப் பெயர், தனிச் சம்பள விகிதம். ஆண் சுருக்கெழுத்தாளர்களுக்கு அதைவிடக் கூடுதல் சம்பளம். அவ்வாறு பணியாற்றிய பெண்மணி ஒருவர் 1977-இல் வேலையிலிருந்து நீக்கப்பட்ட பிறகு, 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தின்கீழ்த் தமக்கு வர வேண்டிய வேறுபாட்டுத் தொகையைக் கோரினார்.

நிறுவனம் மூன்று வாதங்களை எடுத்து வைத்தது. அவர்கள் வேறு பிரிவினர். தொழிற்சங்கத்தோடு செய்த ஒப்பந்தத்தின்படியே சம்பளம் தரப்பட்டது. கூடுதலாகக் கொடுக்க நிறுவனத்துக்குப் பொருள் வசதி இல்லை. 1987 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மூன்றையும் ஒதுக்கிற்று. செய்யும் வேலை ஒன்றாகவோ ஒத்த தன்மையுடையதாகவோ இருந்தால் பெயரை மாற்றிப் பயனில்லை. சட்டத்துக்கு முரணான ஒப்பந்தம் செல்லாது. வசதியின்மையைக் காட்டிச் சட்டத்திலிருந்து தப்ப முடியாது என்று தீர்ப்பாயிற்று.

அவருக்குக் கிடைத்த நிலுவைத் தொகை ஏறத்தாழ 7,200 ரூபாய். அதற்கு அவர் காத்திருந்தது பத்தாண்டுக் காலம். கணக்குப் பார்ப்பவர்கள் இதை நட்டம் என்பர். ஆனால் ஒத்த வேலைக்கு ஒத்த ஊதியம் கேட்ட தொழிலாளர் பலருக்கு அவ்வழக்கு கைவிளக்காயிற்று.

இதற்கு முன்பே, 1982 பிப்ரவரியில், தில்லிக் காவல் துறையின் ஓட்டுநர் ஒருவர் தொடுத்த வழக்கில், சம வேலைக்குச் சம ஊதியம் என்பது அரசியலமைப்பின் குறிக்கோள் என்றும், சமத்துவ உரிமையின் வழியாக அதைக் கேட்டுப் பெறலாம் என்றும் அதே நீதிமன்றம் கூறியிருந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் வந்தது ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டட வேலைகளைப் பற்றிய தீர்ப்பு. ஒரு நாளுக்கு 9 ரூபாய் 25 காசு என்பது அரசு வகுத்த குறைந்தபட்சக் கூலி. அதில் ஒரு ரூபாயை ஜமேதார்கள் தரகாகப் பிடித்துக்கொண்டனர். பெண்களின் கைக்கு வந்ததோ 7 ரூபாய் மட்டுமே என்பது குற்றச்சாட்டு. வழக்குத் தொடுத்தவர்கள் அத்தொழிலாளர்கள் அல்லர். மக்கள் உரிமை அமைப்பு ஒன்று நீதிபதிக்கு எழுதிய கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்புக்குச் சமம் என்றது நீதிமன்றம். எழுதப் படிக்கத் தெரியாத ஏழைக்காக மற்றவர் குரல் கொடுக்கலாம் என்ற வழியும் அவ்வாறு வலுப்பெற்றது.

தோற்றுப்போன வழக்கு ஒன்று

வென்ற வழக்குகளை மட்டும் சொல்லிப் போவது நேர்மையாகாது. நம் திருச்சபைக்கு மிக நெருங்கிய ஒரு தோல்வியையும் சொல்ல வேண்டும்.

சென்னையில் சாலையோரத்தில் அமர்ந்து செருப்புத் தைத்த தொழிலாளி ஒருவர்; ஆதிதிராவிட சமூகத்தில் பிறந்து கிறித்தவ மறையைத் தழுவியவர். அவரைப் போன்ற தொழிலாளர்க்கு இலவசமாகப் பெட்டிக்கடை வழங்கும் நலத்திட்டத்தில் அவர் விடப்பட்டார். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி இந்து சமயத்தவரே அட்டவணைச் சாதியினர் ஆவர், 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. அதே தெரு, அதே ஊசி, அதே தோல். ஒருவருக்குக் கடை உண்டு, பக்கத்தில் இருப்பவருக்கு இல்லை.

1985-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளுபடி செய்தது. மதம் மாறிய பின்னும் சாதியின் கொடுமை அதே ஆழத்தோடும் கடுமையோடும் தொடர்கிறது என்பதைக் காட்டும் சான்றுகள் போதிய அளவு வைக்கப்படவில்லை என்பதே காரணம்.

நேயர்களே, இதைப் படிக்கும்போது நாம் சற்றே நாணத்தான் வேண்டும். கல்லறையில் சுவரும், தேர்த் திருவிழாவில் தெருப் பிரிவினையும் சில ஊர்களில் இருந்ததை அறியாதார் நம்மில் யார்? அகில இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-இல் வெளியிட்ட தலித் மக்கள் மேம்பாட்டுக் கொள்கையிலும் திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுவது ஒப்புக்கொள்ளப்பட்டுள்ளது. ஊரறிந்த உண்மையாயினும், அதை எண்ணி, எழுதி, முறைப்படி முன்வைத்தால்தான் நீதிமன்றத்தில் அது சான்றாகும்.

சட்டத்தின் கை எட்டும் தூரம்

தொழிலாளர் அறிய வேண்டிய ஓர் உண்மை உண்டு. அரசியலமைப்பின் 14, 15, 16-ஆம் பிரிவுகள் தரும் சமத்துவ உரிமை பெரும்பாலும் அரசையும் அரசு சார்ந்த நிறுவனங்களையுமே கட்டுப்படுத்தும். ஏர் இந்தியா அன்று அரசு நிறுவனம். ஆயுள் காப்பீட்டுக் கழகமும் அவ்வாறே. பெண் ஊழியரின் மாதவிலக்கு, கருத்தரிப்பு ஆகியவை பற்றிய கேள்விகளை விண்ணப்பப் படிவத்திலிருந்து நீக்குமாறு 1991-இல் நீதிமன்றம் அதனிடம் கூறியதும், அவற்றுக்குத் தந்த விடையைக் காட்டி நீக்கப்பட்ட பெண்ணை மீண்டும் பணியில் அமர்த்தியதும் அதனால்தான்.

தனியார் நிறுவனமாயின், அந்தந்தப் பொருளுக்கென இயற்றப்பட்ட சட்டத்தையே நாட வேண்டும். சம ஊதியச் சட்டம் இப்போது 2019-ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டத்தில் அடங்கிவிட்டது. அது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. ஒரே தன்மையுள்ள வேலைக்குப் பாலினம் காட்டி ஊதியத்தைக் குறைக்கவோ, ஆளெடுப்பில் ஒதுக்கவோ கூடாது என்பது அதன் விதி. சம ஊதியம் தருவதற்காக யாருடைய ஊதியத்தையும் குறைக்கவும் கூடாது. ஊதியக் கோரிக்கையை மூன்று ஆண்டுகளுக்குள் எழுப்ப வேண்டும். தொழிலாளி சார்பில் அவர் உறுப்பினராயுள்ள பதிவு பெற்ற சங்கமும் மனுச் செய்யலாம்.

பிள்ளைப்பேற்று விடுப்பு 2017-இல் 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்த்தப்பட்டது. முதல் இரு குழந்தைகளுக்கு இது பொருந்தும். நாட்கூலிக்கு மஸ்டர் ரோலில் பெயரெழுதி வேலை செய்யும் பெண்களுக்கும் இவ்வுரிமை உண்டென்று தில்லி மாநகராட்சி வழக்கில் 2000 மார்ச் 8 அன்று தீர்ப்பாயிற்று. அதே ஆண்டில், ஆலைகளில் பெண்கள் இரவுப் பணி செய்யக் கூடாதென்ற பழைய தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கி, தக்க பாதுகாப்போடு விரும்புவோர் பணியாற்ற வழி செய்தது. பாலியல் தொல்லைக்கு எதிராக 1997-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகள் 2013-இல் சட்டமாயின. பத்துப் பேரோ மேலோ பணியாற்றும் இடத்தில் புகார்க் குழு இருந்தாக வேண்டும். வீட்டு வேலை செய்வோரும் சிறு கடைகளில் பணியாற்றுவோரும் மாவட்டக் குழுவிடம் முறையிடலாம். புகாரை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தருவது முறை.

ஆனால் தனியார் துறையில் சாதியையோ மதத்தையோ காட்டி வேலை மறுப்பதை முழுவதுமாகத் தடுக்கும் பொதுச் சட்டம் ஒன்று நம் நாட்டில் இன்னும் இயற்றப்படவில்லை. இது பெருங்குறையே. சட்டம் இருக்கும் இடத்திலும் பழைய வழக்கம் எளிதில் சாவதில்லை. மணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்ற குற்றச்சாட்டு 2024-ஆம் ஆண்டில் திருப்பெரும்புதூர் அருகிலுள்ள கைப்பேசி ஆலை ஒன்றின்மீது எழுந்து, மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டதை நேயர்கள் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். முத்தம்மாவின் வழக்கு முடிந்து 45 ஆண்டுகளுக்குப் பின்னும் அதே கேள்வி!

தொழிலாளர் செய்யத்தக்கவை

இவ்வழக்குகளையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது சில நடைமுறைப் பாடங்கள் தெளிவாகின்றன.

முதலாவது, எழுத்து. வேலை நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, வருகைப் பதிவு, சேமநல நிதிக் கணக்கு ஆகியவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும். வாயால் சொல்லப்பட்ட நிபந்தனையை, நாள், இடம், சொன்னவர், உடனிருந்தவர் ஆகியவற்றோடு அன்றே குறித்து வைக்க வேண்டும்.

இரண்டாவது, ஒப்பீடு. 'எனக்குக் குறைவு' என்பது மட்டும் போதாது. யாரைவிடக் குறைவு, அவர் செய்யும் வேலை என்ன, நான் செய்யும் வேலை என்ன என்பதைக் காட்ட இயல வேண்டும்.

மூன்றாவது, காலம். மூன்று மாதம், மூன்று ஆண்டு என்று சட்டம் வரம்பு கட்டியிருக்கிறது. 'பார்க்கலாம், பார்க்கலாம்' என்று தள்ளிப்போட்டு உரிமையை இழந்தவர் பலர்.

நான்காவது, துணை. தனியொருவர் கேட்டால் அவர் தொல்லைக்காரர் எனப்படுவார். பத்துப் பேர் கேட்டால் அது கோரிக்கையாகும். சங்கம் தேவைப்படுவது இதனால்தான். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று அஞ்ச வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களும், தொழிற்சாலைத் தொழிலாளரும், அட்டவணைச் சாதி, பழங்குடி மக்களும் வருமான வரம்பு ஏதுமின்றி இலவச சட்ட உதவி பெறலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இதற்கான அலுவலகம் உண்டு. 15100 என்ற எண்ணில் தொலைபேசியிலும் கேட்கலாம்.

வழக்கு என்பது எளிதன்று என்பதையும் மறைக்க நாம் விரும்பவில்லை. பத்தாண்டு காத்திருப்பும், மேலாளரின் முகச்சுளிப்பும், உடன் பணியாற்றுவோரின் ஒதுக்கமும் அதன் விலை. ஆகவே முதலில் எழுதிக் கேட்பதும், பின்னர்ச் சங்கத்தின் வழியாகப் பேசுவதும், தொழிலாளர் துறையிடம் முறையிடுவதும், இவை பயன்படாதபோது நீதிமன்றம் செல்வதும் நல்வரிசை எனலாம்.

நம் வீட்டு வாசலில்

நிற்க. முதலாளிகள் என்போர் எங்கோ இருப்பவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்குத் தனிக் குவளை வைக்கும்போதும், வயலில் ஒரே நடவுக்கு ஆணுக்கொரு கூலி, பெண்ணுக்கொரு கூலி கொடுக்கும்போதும் நாமே முதலாளிகள். நம் பள்ளிகளும் மருத்துவமனைகளும் ஆயிரக்கணக்கானோர்க்கு வேலை தருகின்றன. அங்குத் துப்புரவு செய்பவரும், ஒப்பந்தத்தில் பாடம் நடத்தும் இளம் ஆசிரியையும், இரவுக் காவலரும் தம் குறையை அஞ்சாமல் சொல்ல வழி இருக்கிறதா? நீதியைப் பற்றி மேடையில் பேசும் நாம், சம்பளப் பதிவேட்டைத் திறந்து பார்க்கவும் கடமைப்பட்டவர்கள். பங்குப் பேரவைகள் ஆண்டுக்கொரு முறையேனும் வழக்கறிஞர் ஒருவரை அழைத்துத் தொழிலாளர்க்குச் சட்டம் விளக்கும் கூட்டம் நடத்தினால் எத்துணை நன்மை விளையும்!

தொடக்கத்தில் கூறிய பெண்ணுக்கு வருவோம். அந்த நிபந்தனையை எழுத்தில் தருமாறு பணிவாகக் கேட்கும்படி நாம் சொன்னோம். அவள் கேட்டாள். அலுவலகத்தார் எழுதித் தரவில்லை. ஆனால் வேலையையும் மறுக்கவில்லை. நியமனக் கடிதத்தில் திருமணத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நேர்முகத் தேர்வன்று நடந்த உரையாடலை நாளும் நேரமும் இட்டு அவள் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறாள். பத்து மாதமாக வேலைக்குப் போய் வருகிறாள்.

வரும் தை மாதம் அவளுக்குத் திருமணம். கோவிலில் ஓலை வாசித்தாகிவிட்டது. அலுவலகத்தில் அழைப்பிதழ் கொடுக்கும் நாளில் என்ன சொல்வார்களோ என்று தந்தை கவலைப்படுகிறார். மகள் அவ்வளவு கவலைப்படுவதாகத் தெரியவில்லை. "கேட்டால் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு உங்களிடம் வருகிறேன்" என்று நம்மிடம் சொல்லியிருக்கிறாள். வரட்டும். அன்று அவள் தனியாக வராதபடி, அவளோடு நடக்க நம் பங்கில் நாலு பேராவது முன்வர வேண்டும் என்பதே நம் விண்ணப்பம்.